திருநம்பி எழுத்துப் பிழை அல்ல, தம்பி

இருபது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். ஒற்று மிகுந்தாலும் திட்டு வாங்குவேன், மிகாவிட்டாலும் வாங்குவேன். அதெல்லாம் பழகிவிட்டது. போன மாதம் நடந்ததை மட்டும் நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

வாகனப் பட்டறை நடத்தும் ஒரு திருநம்பியைப் பற்றிய கட்டுரை. பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து ஆணாகவே வாழ்பவர். கட்டுரையில் ஏழு இடத்தில் 'திருநம்பி' என்று இருந்தது. ஏழையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அச்சாகி வந்த இதழைப் பிரித்தால் ஏழு இடத்திலும் 'திருநங்கை'! அதிலும் இரண்டாம் பத்தியில், "தாடியைத் தடவியபடி சிரிக்கிறார் அந்தத் திருநங்கை" என்று ஒரு வாக்கியம். அந்த மனிதர் இதைத் தன் அம்மாவிடம் காட்ட நான்கு பிரதி வாங்கி வைத்திருந்தாராம்.

பக்கம் வடிவமைக்கும் தம்பியைப் போய்க் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். "ஆமாம் அக்கா, எல்லா இடத்திலும் எழுத்துப் பிழை இருந்தது. நீங்கள் கவனிக்கவில்லை போல. நானே சரிசெய்துவிட்டேன்."

சரிசெய்துவிட்டாராம்!

நங்கை என்றால் பெண். நம்பி என்றால் ஆண். இதற்குப் புலவர் பட்டம் வேண்டாம். "வாரணம் ஆயிரம் சூழ வலம்செய்து நாரண நம்பி நடக்கின்றான்" என்று ஆண்டாள் கனவு கண்டது மாப்பிள்ளையைத்தானே? கல்யாண வீடுகளில் அந்தப் பாசுரத்தைக் கேட்டுத் தலையாட்டாதவர் யார்? திருக்குறுங்குடியில் நிற்கும் பெருமாள் நம்பி, சுந்தரர் நம்பியாரூரர், திருமுறை தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. இத்தனை நம்பிகளைத் தெரிந்த ஊரில், முன்னால் ஒரு 'திரு'வைப் போட்டதும் அது எழுத்துப் பிழையாகிவிடுகிறது.

கோளாறு அந்தத் தம்பியிடம் மட்டும் இல்லை. ஊரே 'திருநங்கை' என்பதை ஒரு சொல்லாகப் படிப்பதில்லை. பழைய வசையின் மேல் ஒட்டிய புது லேபிளாகத்தான் படிக்கிறது. சொல்லுக்குள் இருக்கும் பெண் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டிருந்தால் "திருநங்கையாக மாறிய வாலிபர்" என்று தலைப்புப் போட ஒருவருக்குக் கை வருமா? முதல் வரியில் 'திருநங்கை', மூன்றாம் வரியில் 'அவன்' என்று எழுதி அனுப்புகிறார்களே, அதையாவது தட்டச்சு செய்யும்போது உறுத்தாதா?

பெயர் மாறிய கதையைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. 'அலி' என்ற சொல்லை இன்று வசையாக அல்லாமல் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் "பெண்ணாகி ஆணாய் அலியாய்ப் பிறங்கொளிசேர்" என்று மாணிக்கவாசகர் பாடியது இறைவனை. மார்கழி விடியலில் திருவெம்பாவையில் அதைப் பக்தியோடு பாடிவிட்டு, பகலில் அதே சொல்லைப் பேருந்து நிலையத்தில் நிற்பவர் மேல் எறிந்தார்கள். 'பேடி'யின் பாடு அதைவிட மோசம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு வகை ஆடல்களில் பேடு ஒன்று. ஆடலுக்குப் பெயராக இருந்த சொல்லின் உறவுதான் இந்தப் பேடி. குறளிலேயே அது வாள் பிடிக்கத் தெரியாத கை: "பேடிகை வாளாண்மை போலக் கெடும்". அதற்குப் பிறகு கோழை என்ற பொருளிலிருந்து அந்தச் சொல் மீளவே இல்லை. வள்ளுவரிடம் எனக்கு உள்ள சில மனத்தாங்கல்களில் இது ஒன்று.

1990களின் பிற்பகுதியில் 'அரவாணி' வந்தது. கூவாகம் கோயில் திருவிழாவில், சித்திரையில், பாரதக் கதையில் களப்பலியான அரவானாகிய கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவருக்காக அறுத்து அழுகிறவர்கள் என்பதால் வந்த பெயர். வசைகளுக்கு எவ்வளவோ மேல். 2008இல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தபோதுகூட அதற்கு அரவாணிகள் நல வாரியம் என்றுதான் பெயர். ஆனால் கூவாகத்துக்கே போகாதவரும், அரவான் கதையை நம்பாதவரும், வேறு மதத்தவரும் ஒரு நாள் மனைவியாகவும் மறுநாள் விதவையாகவும் ஆயுள் முழுக்க ஏன் அழைக்கப்பட வேண்டும்? திருநங்கை என்ற சொல் அந்த இடத்துக்கு வந்தது. ஆண்களுக்குத் திருநம்பி, எல்லோரையும் சேர்த்துச் சொல்லத் திருநர். 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்றம் விடாமல் கேட்டதன் பேரில், அரசிதழிலேயே சொற்பட்டியல் வந்துவிட்டது. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? மலை மேல் ஏறி முரசு அறைய வேண்டுமா?

'ஊரடங்கு' என்பதற்கு 2020இல் ஒரே வாரத்தில் புதுப் பொருள் பழகவில்லையா? ஜிஎஸ்டியை உள்ளூர்ப் பெட்டிக்கடைக்காரர் தப்பில்லாமல் சொல்கிறார். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது.

ஒருமுறை தோழர் ஒருவரோடு ஓர் அலுவலகத்துக்கு அடையாள அட்டையில் பாலினம் மாற்றப் போயிருந்தேன். தோழருக்கு நல்ல அடர்ந்த மீசை. முகப்பில் இருந்தவர் தாளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "திருநங்கைக்கு அடுத்த வரிசை" என்றார். "நான் திருநம்பி, சார்" என்றதற்கு, "எல்லாம் ஒன்றுதானே" என்று கையை வீசினார். பிறகு பின்னால் திரும்பி, "அது வந்திருக்கிறது, கொஞ்சம் பார்" என்று குரல் கொடுத்தார்.

அது! தொல்காப்பியர் "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி"யை, அதாவது ஆண்மையிலிருந்து மாறியவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை, உயர்திணையில் வைத்தார். வினைமுடிவும் உயர்திணைக்கு உரியது என்று விதித்தார். பல நூற்றாண்டு கழித்து வந்த பவணந்திதான் "அஃறிணை அன்னவும் ஆகும்", அஃறிணை போலவும் சொல்லலாம், என்று நன்னூலில் ஒரு கதவைத் திறந்து வைத்தார். முகப்பில் இருந்தவர் நன்னூல் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் கதவு மட்டும் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

தம்பியின் திருத்தத்துக்கு வருகிறேன். ஆசிரியரிடம் சண்டை போட்டேன். நல்ல மனிதர், அடுத்த இதழில் திருத்தம் வெளியிட ஒப்புக்கொண்டார். பட்டறைக்காரரிடம் நானே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அக்கா, திருத்தம் வரட்டும், அதைக் கத்தரித்து அம்மாவிடம் காட்டுகிறேன்" என்றார். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், விடுப்பு. நேற்று இதழ் வீட்டுக்கு வந்தது. பதினோராம் பக்கத்தின் அடியில், குட்டி எழுத்தில், கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்:

"கடந்த இதழில் திருநங்கை என்று வெளியானதைத் திருநம்பிக்கை என்று திருத்தி வாசிக்கவும்."