டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பில் மிச்சச் சோறா?

டைட்டானிக் கப்பலில் மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு முதல் வகுப்பின் மிச்சம் மீதிதான் சாப்பாடு என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. அது தவறு.

1912 ஏப்ரல் 14 தேதியிட்ட மூன்றாம் வகுப்பு உணவுப் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, பால், புகையூட்டிய ஹெர்ரிங் மீன், முட்டையும் பன்றி இறைச்சியும், புது ரொட்டி, வெண்ணெய், மார்மலேட். மதியம் அரிசி சூப், குழம்பு ஊற்றிய வறுத்த மாட்டிறைச்சி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பிளம் புட்டிங், பழம். மாலைத் தேநீரோடு குளிர்ந்த இறைச்சி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், அத்திப்பழம் சேர்த்த சோறு. இரவு மட்டும் எளிமை: கூழ், பிஸ்கட், பாலாடைக்கட்டி. எல்லாம் பயணக் கட்டணத்திலேயே அடக்கம். பட்டியலின் அடியில், சாப்பாட்டில் குறையிருந்தால் உடனே பர்சரிடம் (கப்பலில் பயணிகளின் தேவைகளையும் கணக்கையும் கவனிக்கும் அதிகாரி) சொல்லுங்கள் என்ற குறிப்பு வேறு!

சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? பாய்மரக் கப்பல் காலத்தில் ஏழைப் பயணிகள் பலர் சொந்தமாக உணவு கட்டிக்கொண்டு போனது நிஜம்தான். அந்தக் கதையை 1912-க்கும் ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

வகுப்பு வேறுபாடு இல்லாமலில்லை. முதல் வகுப்பின் இரவு விருந்து பத்துச் சுற்று வரை நீண்டது. மூன்றாம் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தில் 473 பேருக்குத்தான் இடம். பயணிகளோ 700 பேருக்கு மேல். அதனால் பந்தி பந்தியாகத்தான் பரிமாறினார்கள்.