டெரெக் பிரைசனுக்கு ஒரு வரி போதாது

சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் பற்றி யார் எழுதினாலும் டெரெக் பிரைசனை 'இரண்டாவது கணவர்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

1922-ல் சீனாவில் பிறந்த ஆங்கிலேயர் அவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானியாக இருந்து, 19 வயதில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, முதுகெலும்பில் அடிபட்டு, இனி நடக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்த பிறகும் விடாப்பிடியாகப் பழகிக் கைத்தடியோடு நடந்தவர். கேம்பிரிட்ஜில் வேளாண்மைப் படிப்பு, கொஞ்ச காலம் கென்யா, அப்புறம் கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் கோதுமைப் பண்ணை. அங்கேயே இருந்திருந்தால் இன்னொரு வெள்ளைக்காரப் பண்ணையார், அவ்வளவுதான்.

ஆனால் அவர், நாட்டின் விடுதலைக்குப் போராடிய ஜூலியஸ் நியெரெரேயின் டானு கட்சிப் பக்கம் போய் நின்றார். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த டாங்கனிக்காவின் (இன்றைய டான்சானியாவின் பெருநிலப் பகுதி) 1958-59 தேர்தலில் ஒவ்வொரு வாக்காளரும் ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஆசியர், ஓர் ஐரோப்பியர் என மூன்று ஓட்டுப் போட்டாக வேண்டும். மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் மட்டுமே தரும் ஏற்பாடு அது. அந்தத் தேர்தலில் டானு ஆதரித்த வெள்ளையர்களில் பிரைசனும் ஒருவர். சரி, அந்த முறையில் யாரோ ஒரு வெள்ளையர் ஜெயித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லலாம். 1965-ல் அந்த ஒதுக்கீடு கிடையாது. ஒரே கட்சி, தொகுதிக்கு இரண்டு வேட்பாளர்கள், சின்னம் மண்வெட்டி அல்லது வீடு. பதவியில் இருந்த அமைச்சர்கள் சிலரே தோற்றுப்போன அந்தத் தேர்தலில், தார் எஸ் சலாமின் கினொன்டோனித் தொகுதி மக்கள் பிரைசனைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். சுகாதாரம், விவசாயம் என அமைச்சர் பொறுப்புகளில் இருந்துவிட்டு, 1970-களில் டான்சானியா தேசியப் பூங்காக்களின் இயக்குநரானார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான். 1975 மே மாதம், ஜயரிலிருந்து (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) டாங்கனிக்கா ஏரியைக் கடந்து வந்த ஆயுதக் குழு, குடாலின் சிம்பன்சி ஆராய்ச்சி நடந்த கோம்பே ஆய்வு முகாமில் நான்கு மாணவர்களைக் கடத்தியது. அவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள், ஆனால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அங்கே தங்கும் காலம் முடிந்துபோனது. ஆராய்ச்சியே நின்றிருக்க வேண்டியது. உள்ளூர்ப் பணியாளர்களோடு சுவாஹிலியில் சரளமாகப் பேசி, அவர்களே முழுப் பொறுப்பில் பதிவுகளைத் தொடரும்படி ஒழுங்குசெய்ய குடாலுக்குத் துணை நின்றவர் பிரைசன். அந்தப் பணியாளர்கள் ஒன்றும் கத்துக்குட்டிகள் இல்லை. 1974 ஜனவரியில் கோடி என்ற ஆண் சிம்பன்சியை இன்னொரு கூட்டம் தாக்கியதை நேரில் பார்த்துச் சொன்னவர் ஹிலாலி மடாமா. சிம்பன்சிகளின் 'போர்' என்று உலகம் இன்றைக்கும் பேசுவது அங்கே தொடங்கியதுதான்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பூங்காக்களுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பிரைசனைப் புகழ எனக்கு மனம் வராது. 1959-ல் பிரிட்டிஷ் ஆட்சி மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களைச் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து வெளியேற்றியது. சுதந்திரத்துக்குப் பிறகும், 1970-களில், ங்கோரோங்கோரோ எரிமலைக் குழிக்குள் வாழ்ந்த மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். விலங்கைக் காப்பாற்ற மனிதனை விரட்டுவது என்ற அந்த வழி தப்பு என்றே நினைக்கிறேன். அதே காலத்தில் கோம்பேயில் உள்ளூர்க்காரர்கள் கையிலேயே வேலையை நம்பிக் கொடுக்க முடிந்திருக்கிறது. 1980-ல் பிரைசன் புற்றுநோயில் இறந்த பிறகும் அவர்கள் தினமும் காட்டுக்குள் போய்ச் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்து எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள்.