‘கிளிக்’ ஒலி அளவுக்குச் சாட்சி அல்ல

பழைய டார்க் ரெஞ்ச் (நட்டு, போல்ட்டைக் குறித்த முறுக்குவிசைக்கு இறுக்கும் கருவி) ‘கிளிக்’ என்று ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அதன் அளவு சரியாகத்தான் இருக்கும், சோதிக்கத் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. உள்ளே அழுத்தப்பட்டிருக்கும் ஸ்பிரிங்குக்கு எதிராகப் பொறி விடுபடும் ஒலிதான் அது. ஸ்பிரிங் தளர்ந்தால் 80 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்குவிசையின் அலகு) வைத்தது 70-லேயே ஒலிக்கலாம். கிரீஸ் காய்ந்து உராய்வு கூடினால் தாமதமாக ஒலிக்கலாம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்!

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சாக்கெட் பொருத்தும் சதுர முனையை வைஸில் (மேசைப் பிடிப்புக் கருவி) இறுக்கி, ரெஞ்சைக் கிடைமட்டமாக வையுங்கள். முனையின் மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி, கைப்பிடியில் 20 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். 20 × 9.81 × 0.4, அதாவது ஏறக்குறைய 78.5 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையும் சற்றுச் சேரும் என்பதால் இது தோராயக் கணக்குதான். அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, எங்கே ஒலிக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடத்தில் கொடுங்கள். ஐஎஸ்ஓ 6789 தரநிலை இவ்வகை ரெஞ்சுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவுத்திருத்த இடைவெளி 12 மாதம் அல்லது 5,000 முறை பயன்பாடு. எது முதலில் வருகிறதோ அது.