தம்பியோட வகுப்பு

நேற்று ஒரு படம் கண்ணில் பட்டது. ரயில்வே ஸ்டேஷனில் மீட்ட பையனை அம்மாவிடம் ஒப்படைக்கிறார்கள். அம்மா அழுகிறாள், பையன் குனிந்து நிற்கிறான், சுற்றி நாலைந்து பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜி. அப்படிப்பட்ட படங்களில் நானும் ஓரமாக நின்றிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரயில் நிலையத்தில் குழந்தைகள் உதவி மையத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். அன்ரிசர்வ்ட் பெட்டியிலிருந்து தனியாக இறங்குகிற பிள்ளை, பிளாட்பாரத்தில் பாட்டில் பொறுக்குகிற பிள்ளை, போதைக்காகத் துணியில் பஞ்சர் சொல்யூஷனை ஊற்றி மூக்கில் வைத்திருக்கிற பிள்ளை. யாரைக் கேட்டாலும் முதல் பதில் "எனக்கு யாரும் இல்லக்கா" என்பதுதான். டீ வாங்கிக் கொடுத்து, "உங்க ஊர் பஸ் எந்த இடத்துல திரும்பும்? கோயில்ல கூழ் எப்ப ஊத்துவாங்க?" என்று பேச்சை வளர்த்தால், ரெண்டு மணி நேரத்தில் ஊர் வந்துவிடும்.

அதற்குப் பிறகு எல்லாமே சட்டப்படி ஓடும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். 'கமிட்டி' என்போம். வீட்டு நிலைமையை விசாரித்து ஒரு அறிக்கை, பெற்றோரிடம் கையெழுத்து, ஒப்படைப்பு. எங்கள் கணக்கில் அந்தப் பிள்ளை முடிந்தது.

ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா, அம்மா செங்கல் சூளையில். ஊரில் பாட்டியோடு இவனும் தம்பியும். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். பாட்டி எனக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தது. இருபது நாளில் அதே பிளாட்பாரத்தில் அவனே!

"ஏண்டா?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி கிளாஸ்ல உக்கார வெச்சாங்கக்கா. அவன் எனக்கு எழுத்து சொல்லித் தரான்" என்றான்.

எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அப்பன் அடித்தானா, குடித்தானா என்றெல்லாம் அறிக்கையில் எழுதத் தெரிந்த எனக்கு, திங்கட்கிழமை காலையில் இவன் எந்த பெஞ்சில் உட்காருவான் என்று கேட்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் அதற்கும் சட்டம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு: இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். டி.சி. வர லேட்டாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் அந்த ஊரில் இருந்தது ஐந்தாவது வரைக்குமான தொடக்கப்பள்ளி. ஏழாவது என்றால் பக்கத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. "எழுதவே தெரியாதவனை ஏழாவதுல எப்படிம்மா உக்கார வைக்கிறது?" என்றார். அதற்குப் பதில் சொல்ல, அந்தச் சிறப்புப் பயிற்சியைக் கேட்டு வாங்க, ஒரு ஆள் அங்கே நின்றிருக்க வேண்டும். நான் மதிய ரயிலைப் பிடித்துவிட்டேன்.

எங்கள் படிவத்தில் 'தொடர் கண்காணிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் போனில்தான் நிரப்புவோம். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து "நல்லாத்தான் இருக்கான்" என்றால் 'நலம்' என்று எழுதிவிடுவோம். இந்தப் பையனுக்கும் 'நலம்' எழுதியிருந்தேன். தேதியைப் பார்த்தால், அதற்கு முதல் நாளே ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறான்.

குழந்தைகளுக்கான உதவி போன் எண் 1098-ஐப் பத்து, ஒன்பது, எட்டு என்று சொல்லிக்கொடுத்தால் சின்னப் பிள்ளைக்குக்கூட மனசில் நிற்கும். 1996-ல் மும்பையில் தொடங்கியது, இப்போது அரசே நடத்துகிறது. பிள்ளையைக் கண்டுபிடிக்க இவ்வளவு ஏற்பாடு. கூட்டிப்போய் விட்டபின் ஒரு மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாலு தடவை போய் வர, எங்களுக்குத் தெரிந்து பஸ் காசுகூட யாரும் ஒதுக்கவில்லை. ஒரு தடவை கேட்டதற்கு, "அதான் ஹேண்ட்ஓவர் பண்ணியாச்சே மேடம்" என்றார்கள்.

ரெண்டாவது தடவை ஊருக்குப் போனபோது என் லீவில் மூன்று நாள் தங்கினேன். பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் ஏழாவதில் சேர்த்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டீச்சர் தினமும் அரை மணி நேரம் எழுத்து சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: "தம்பியும் ஆறாவதுக்கு இங்கதான வருவான்? அதுக்குள்ள நான் படிச்சிருவேன்லக்கா?"