பீரோவுக்குள் பூட்டிய கதைப் புத்தகங்கள்

எங்கள் பகுதி கிளை நூலகத்தில் சிறுவர் புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள். பூட்டுப் போட்டு. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, அட்டையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிறாள். "அப்பா, இதுல யானை இருக்கு!" சாவி கேட்டால், "பிள்ளைங்க கிழிச்சிருவாங்க சார்" என்கிறார்கள். கிழியட்டுமே! நானே பசை கொண்டுவந்து ஒட்டித் தருகிறேன்.

ஒருநாள் கெஞ்சி ஒன்றை வாங்கி, மடியில் உட்கார வைத்து மெதுவாக வாசித்துக் காட்டினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் "சத்தம் போடாதீங்க" என்றார். அவர் மேலும் தப்பில்லை, இருப்பது ஒரே அறை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் கதை வாசிக்கவென்று ஒதுக்கக் கூடாதா?

மதுரை புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அருமையான இடம். ஆனால் நினைத்தபோதெல்லாம் இரண்டு பஸ் மாறி அங்கே போக முடியுமா? சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம். முதலில் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். போன வாரமும் அந்த யானை அதே இடத்தில்தான் இருந்தது.