அகராதியில் இருப்பது நகல் அல்ல

வணக்கம். பைதான் நிரல்மொழியில், சாவிப் பெயரிட்டுத் தகவலைச் சேமிக்கும் அகராதியிலிருந்து (dictionary) எடுத்த பொருளின் (object) பண்பை, அதாவது அதற்குள் இருக்கும் மதிப்பை (attribute), மாற்றினால் நகல்தான் மாறும், மீண்டும் அகராதியில் எழுத வேண்டும் என்று மேலே ஒரு நண்பர் கூறியிருக்கிறார். அப்படியில்லை. அகராதி நகலெடுப்பதில்லை, அந்தப் பொருளையே சுட்டுகிறது.

வேலூரில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் இதில் தடுமாறுவதால் சொல்கிறேன். கட்டணம் என்ற பண்புள்ள பொருளொன்றை, பஸ்கள் என்ற அகராதியில் "குடியாத்தம்" என்ற சாவியில் வைத்துச் சோதியுங்கள். பைதான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும்.

வண்டி = பஸ்கள்["குடியாத்தம்"]
வண்டி.கட்டணம் = 40

இப்போது பஸ்கள்["குடியாத்தம்"].கட்டணம் என்று கேளுங்கள். 40 என்றே வரும். திரும்ப எழுதவே இல்லை, பாருங்கள்.

வண்டி என்ற பெயருக்கே வேறொரு பொருளைக் கொடுத்தால் மட்டும் அகராதி மாறாது. அங்கே மாறுவது பெயர் சுட்டும் இடம். பழைய பொருள் அப்படியே இருக்கிறது. நண்பருக்குக் குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.