ஒற்றுப்பிழை டீச்சர் எழுதுகிறேன்

சனிக்கிழமை கருத்தரங்கில் அந்த டாக்டர் பேசிய நாற்பது வினாடித் துண்டை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "எங்கள் எத்திக்ஸ் கமிட்டியில் ஓர் ஒற்றுப்பிழை டீச்சர் இருக்கிறார். 'ப்' விடுபட்டால் ஆராய்ச்சி இரண்டு மாதம் நிற்கும்" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. முன்வரிசையில் சிரிப்பவர்களில் இருவர் என் பழைய மாணவர்கள். ஒற்று எங்கே மிகும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

கோபமெல்லாம் இல்லை. அதாவது, சனிக்கிழமை இரவு இருந்த அளவுக்கு இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எத்திக்ஸ் கமிட்டி என்பது, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியைத் தொடங்கும் முன் பார்த்து ஒப்புதல் தரும் குழு. அவருடைய ஆய்வும் எங்களிடம் வந்திருந்தது. நான் நிறுத்தியது 'ப்'புக்காக அல்ல, 'அனுமதி' என்ற சொல்லுக்காக.

கமிட்டியில் சேரும்போதே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன நோய், என்ன மருந்து, எந்த மருத்துவமனை என்பதெல்லாம் என் வாயிலிருந்து வராது. அவர் மேடையில் பாதியைச் சொல்லிவிட்டார் என்பதற்காக மீதியை நான் சொல்ல முடியாது. ஒரே ஒரு வரியை மட்டும் சொல்கிறேன். ஆய்வில் சேரும் நோயாளி படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம் ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பிரதியில், நோயாளி எப்போது வேண்டுமானாலும் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு ஆய்விலிருந்து விலகலாம் என்று இருந்தது. தமிழ்ப் படிவத்தில், "மருத்துவரின் அனுமதி பெற்று விலகலாம்" என்று இருந்தது. தெரிவிப்பதும் அனுமதி பெறுவதும் ஒன்றா? வீட்டில் மாமியாருக்குத் தெரிவித்துவிட்டுக் கிளம்பிய மருமகளையும், அனுமதி பெற்றுக் கிளம்பிய மருமகளையும் கேட்டுப் பாருங்கள், வித்தியாசத்தை ஒரு மணி நேரம் விளக்குவார்கள்.

மருத்துவமனை ஒன்றின் நீண்ட பெஞ்சில், கையில் சீட்டுடன், காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மருத்துவரிடம் போய், "ஐயா, அனுமதி கொடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன்" என்று கேட்பாரா? கேட்க மாட்டார். விருப்பமில்லாமலே தொடர்ந்து வருவார், ஊசி போட்டுக்கொள்வார். அதற்குப் பெயர் தன்னார்வப் பங்கேற்பு.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மொழிபெயர்ப்பு சரிதானா என்று பார்க்க, தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிக் காட்ட வேண்டும். அந்த மறுமொழிபெயர்ப்பில் 'தெரிவித்து' என்ற பொருளிலேயே அழகாக வந்திருந்தது. தமிழைப் பார்த்து எழுதினால் அப்படி வராது. மூல ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் சான்றிதழ் இணைத்திருந்தார்கள், முத்திரையும் இருந்தது. டாக்டர்கள், மருந்தியல் பேராசிரியர், வழக்கறிஞர் எல்லோரும் ஆங்கிலப் பிரதியைத்தான் படித்தார்கள். அது அவர்கள் குற்றமல்ல, கோப்பு அவ்வளவு தடிமன். தமிழ்ப் பக்கங்களை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான்.

'ப்' எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். படிவத்தின் தலைப்பிலேயே 'ஆய்வை பற்றிய விளக்கம்' என்று இருந்தது. முப்பத்தோரு வருடம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? வட்டம் போட்டு 'ப்' எழுதிவிட்டேன். கமிட்டியின் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடிதம் முழுக்க 'அனுமதி'தான். அவருக்கு நினைவில் நின்றது மட்டும் 'ப்'.

அடுத்தது, "மருத்துவம் தெரியாதவர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்ற கேள்வி. காணொளிக்குக் கீழே நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நானாகப் போய் அங்கே உட்காரவில்லை, ஐயா. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் சாமானியராக இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக வந்தே தீர வேண்டிய ஐந்து பேரில் அந்தச் சாமானியரும் ஒருவர். உறுப்பினர் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'லே பர்சன்' என்று இருக்கிறது. அகராதியைப் பார்த்தேன், 'பாமரர்' என்று போட்டிருந்தது. முதுகலைத் தமிழாசிரியை, பாமரர். அதையும் சிரித்துக்கொண்டு ஏற்றேன். பாமரராக உட்காரச் சொல்லிவிட்டு, பாமரர் பேசினால் சிரிப்பது என்ன நியாயம் என்றுதான் புரியவில்லை.

பாமரர் என்ன செய்வார் என்பதற்கு ஓர் உதாரணம். வேறொரு படிவத்தில் 'இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று எழுதியிருந்தார்கள். யாருக்கு எந்த மருந்து போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது என்று பொருளாம். எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவிடம், எங்கே எதற்கு என்று சொல்லாமல், அந்த இரண்டு சொல்லை மட்டும் கேட்டுப் பார்த்தேன். "இரண்டு கண்ணும் போய்விடுமா டீச்சர்?" என்றார். படிவம் மாறியது. அதே படிவத்தில் '10 மி.லி. ரத்தம் எடுக்கப்படும்' என்று இருந்ததை 'சுமார் இரண்டு தேக்கரண்டி' என்று எழுதவைத்தேன். இதெல்லாம் இலக்கணமா?

"நோயாளிகள் எங்கே படிக்கிறார்கள், எல்லோரும் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இந்தப் பேச்சுத்தான் எனக்கு ஆகாது. படிக்கத் தெரியாதவருக்கு, சார்பில்லாத சாட்சி ஒருவரை வைத்துப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய மனிதருக்கு உங்கள் 'சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' எந்த வகையில் புரியும்? யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வோம் என்றுதான் அதற்குப் பொருள். அவர் படிக்கவில்லையா, படிக்க முடியாதபடி நீங்கள் எழுதினீர்களா?

அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். சிஃபிலிஸ் நோயிருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று நாற்பது வருடம் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த மனிதர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை, 'கெட்ட ரத்தம்' என்றார்கள். ஆராய்ச்சிக்காக முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு வரச் சொல்லி அனுப்பிய கடிதத்தில் அதைச் 'சிறப்பு இலவச சிகிச்சை' என்று எழுதினார்கள். கத்தி எடுக்கவில்லை, கட்டிப்போடவில்லை. சொல்லை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் நடக்காது என்பவர்களுக்கு: 2009இல், அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை 2013இல் வந்தது. ஆராய்ந்த 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் கையெழுத்துப் போட்டவர் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்! ஓடி வராதீர்கள், நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. அது நல்ல தடுப்பூசி, என் பேத்திக்குப் போடச் சொன்னதே நான்தான். அந்த மாவட்டத்தில் பிறகு சில பிள்ளைகள் இறந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணை சொன்னது. நான் கேட்பது வேறு. அம்மாவிடம் கேட்டீர்களா?

தாமதம் என்ற புகாரில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒரு பட்டமேற்படிப்பு மாணவியின் சாதாரணக் கேள்வித்தாள் ஆய்வை ஒரு தேவையற்ற சந்தேகத்துக்காக அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். சந்தேகம் என்னுடையதுதான். ஆய்வேட்டைக் கெடுவுக்குள் முடிக்க அந்தப் பெண் மிகவும் சிரமப்பட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது என் தவறு. ஆனால் மேடையில் பேசியவரின் 'இரண்டு மாதம்' வேறு கணக்கு. படிவத்தைத் திருத்திக் கொண்டுவர அவர் எடுத்துக்கொண்டது ஏழு வாரம், நாங்கள் பார்த்து அனுப்பியது ஒன்பது நாளில். இதைச் சொல்லாமல் விட்டால் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை.

ஒருவர் என் படிக்காசைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அது ஆட்டோவுக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். சமோசா தனியாகத் தருகிறார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், எழுதிவிடுகிறேன். என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த மூன்றாம் நாள் இரவு, ஒரு தம்பி வெள்ளைக் கோட்டுடன் வந்து நான்கு தாள்களை நீட்டினார். "ஓர் ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக எடுப்போம் அம்மா, இங்கே ஒரு கையெழுத்து." மரியாதையாகத்தான் கேட்டார். மூக்குக்கண்ணாடி கைப்பையில் இருந்தது. கைப்பை என் மடியிலேயே இருந்தது. திறந்து எடுக்கவில்லை. மாட்டேன் என்றால் உள்ளே இருப்பவரை வேறு மாதிரி பார்த்துக்கொள்வார்களோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். அவர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு மாதம் கழித்து, ஸ்கேன் உறையிலிருந்து அந்தத் தாள்களின் நகல் கிடைத்தது. 'மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது' என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நல்ல தமிழில், தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தம்பி அந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

முப்பத்தோரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 'நோயாளிகள் எங்கே படிக்கிறார்கள்' என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று, டாக்டர் இதைப் படிப்பார் என்பதால். உங்கள் திருத்திய படிவம் வந்தபோது முதலில் பார்த்தவள் நான்தான். 'அனுமதி' போய், 'தெரிவித்து' வந்திருந்தது. தலைப்பில் 'ஆய்வை பற்றிய விளக்கம்' அப்படியே இருந்தது, 'ப்' இல்லாமல். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றே ஒப்புதலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.